லாரி ஓட்டுநர் எங்கே தூங்குவார்?



நமது பகுதியில் பல வீடுகளின் ரிஸ்க் லாரிச் சக்கரத்தில்தான் சுழல்கிறது. ஓட்டுநர், கிளீனர், மெக்கானிக், பஞ்சர் கடை, பார்சல் ஆபீஸ் என்று ஏதோ ஒரு வகையில் நாம் இந்தச் சாலையை நம்பி வாழ்கிறோம். அந்த ஓட்டுநர் இரவில் எங்கே தூங்குகிறார் என்று நாம் கேட்டதுண்டா?

சென்னையிலிருந்தும் சேலத்திலிருந்தும் வரும் சாலைகள் கிருஷ்ணகிரியில் ஒன்றுசேர்ந்து, ஓசூர் வழியாகப் பெங்களூரு செல்கின்றன. ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. பெங்களூரு நகருக்குள் காலை, மாலை நெரிசல் நேரங்களில் கனரக வாகனங்களுக்குத் தடை உண்டு. சிப்காட் ஆலைகளிலும் லோடு இறக்க முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே இங்கே லாரி நிற்பது ஓட்டுநரின் விருப்பமல்ல, தொழிலின் ஒரு பகுதி. தகுந்த இடம் கிடைக்காதபோது சர்வீஸ் ரோட்டிலும் நெடுஞ்சாலை ஓரத்திலும் நிறுத்துகிறார்கள்.

இதில் ஆபத்து இரு தரப்புக்கும் உண்டு. விளக்கில்லாமல் நிற்கும் லாரியின் பின்னால், நைட் ஷிப்ட் முடிந்து பைக்கில் வரும் பிள்ளை மோதிவிடலாம். லாரிக்குள் இருப்பவரோ டீசலையும் பேட்டரியையும் திருடிவிடுவார்களோ, தார்பாயை அறுத்துவிடுவார்களோ என்று அரைத் தூக்கத்தில் கிடக்கிறார். கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொள்கிறார். சிறுநீரகக் கல் உண்டாக அதுவும் ஒரு காரணம்.

தூக்கமின்மை எவ்வளவு கொடியது? தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் நிதானம், 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குக் குறைவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் நாட்டுச் சட்டத்தின் எல்லையே 30 மில்லிகிராம்தான். ஒரு சொட்டு மதுவும் தொடாத நம் சகோதரர், தூக்கமின்மையால் அதே நிலைக்குத் தள்ளப்படுகிறார். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் லாரி விநாடிக்கு 22 மீட்டர் கடக்கும். மூன்று விநாடி கண் அசந்தால் 66 மீட்டர் போய்விடும். ஓசூரில் தூங்காமல் கிளம்பியவர், தருமபுரி தாண்டித் தொப்பூர் இறக்கத்தில் பாரத்தோடு இறங்குவதை எண்ணிப் பாருங்கள்.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு 8 மணி நேர வேலை, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டாமல் அரை மணி ஓய்வு, இரு நாள் வேலைகளுக்கு இடையே 9 மணி நேர ஓய்வு என்று வகுத்தது. இரவு தங்கும் இடங்களில் முதலாளி ஓய்வறை தரவேண்டும் என்றும் சொன்னது. ஆனால் பொதுவாக ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்களை அது தொடவில்லை. ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவரிடம் வேலை செய்வோரே ஏராளம்.

2024 பிப்ரவரியில் தேசிய நெடுஞ்சாலைகளில் முதற்கட்டமாக 1,000 ஓய்வு மையங்கள் அமைக்கப்படும் என்று பிரதமர் அறிவித்தார். எண்ணெய் நிறுவனங்களும் 'அப்னா கர்' என்ற பெயரில் சில பெட்ரோல் பங்க்குகளில் படுக்கை, குளியலறை, சமைக்க இடம் தருகின்றன. ஓட்டுநர்கள் விசாரித்துப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

மார்க்கம் பயணிக்குத் தொழுகையைச் சுருக்கவும் ரமளான் நோன்பைப் பிற்படுத்தவும் சலுகை தந்திருக்கிறது. அல்லாஹ்வே இலகுவாக்கியவருக்கு நாம் கடினத்தைக் கூட்டலாமா? பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். பாதையோரம் பாதுகாப்பான இடம் அமைப்பதும் அதில் சேரும் என்றே நாம் கருதுகிறோம்.

நாம் செய்யக்கூடியவை:

1. வண்டி ஓட்டும்போது வீட்டிலிருந்து போன் செய்யாதீர்கள். பேசும்போது "எப்போ வருவீங்க?" என்பதற்கு முன் "தூங்கினீங்களா?" என்று கேளுங்கள்.

2. லாரி உரிமையாளர்களே, இரவு 2 மணி முதல் 5 மணி வரை ஓட்டச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். பார்க்கிங் கட்டணத்தை ஓட்டுநரின் பேட்டாவில் பிடிக்காதீர்கள்.

3. நெடுஞ்சாலையை ஒட்டிய பள்ளிவாசல்களும் ஷாதி மஹால்களும் கழிப்பறையையும் குழாயையும் இரவில் திறந்து வைக்கட்டும், எந்த மதத்தவராயினும். இதன் செலவை ஜகாத்திலிருந்து எடுக்காமல், ஸதகா நிதியிலிருந்து டிரஸ்ட் ஏற்கும்.

4. விளக்கு, காவல், கழிப்பறையுடன் கூடிய லாரி நிறுத்தம் கேட்டு மாவட்ட ஆட்சியருக்கு மனு தயாராகிறது. ஜும்ஆவுக்குப் பின் கையெழுத்திடுங்கள்.

நெடுஞ்சாலை அவசர உதவிக்கு 1033 எண்ணை ஒவ்வொரு ஓட்டுநரின் போனிலும் பதிந்து வையுங்கள். சாலையில் இருக்கும் ஒவ்வொருவரையும் அல்லாஹ் ஸலாமத்தாக வீடு சேர்ப்பானாக. ஆமீன்.