அரிவாளைப் பரிசாகக் கொடுக்கலாமா?



கடை திறப்பு விழாவுக்குப் போகிறோம். குத்துவிளக்கு, சுவர்க் கடிகாரம், சாமி படம் என்று ஏதேனும் ஒன்றைக் கொடுக்கிறோம். கத்தியையோ அரிவாளையோ யாரும் கொடுப்பதில்லை. கத்தி கொடுத்தால் சிநேகம் அறுந்துவிடும் என்பது பெரியவர்கள் சொல்லி வரும் நம்பிக்கை. ஆனால் எங்கள் மண்டியில் கல்லாவுக்குப் பின்னால், சாமி படத்துக்குக் கீழே இருப்பது நண்பர் ஒருவர் கொடுத்த அரிவாள்தான். வருகிறவர்கள் பலரும் விசாரிப்பதால் இதைப் பற்றி எழுதலானோம்.

கொடுத்தவர் கூமாப்பட்டியைச் சேர்ந்த தென்னை விவசாயி. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, வத்திராயிருப்பு பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் உள்ள ஊர் அது. பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளை நம்பி நெல்லும் தென்னையும் மாவும் விளையும் வட்டாரம். 2025-ஆம் ஆண்டில் கைப்பேசி வீடியோக்களால் அந்த ஊரின் பெயர் தமிழகம் முழுவதும் பரவியது. தேங்காய் வியாபாரிகளுக்கோ அதற்கு வெகுகாலம் முன்பே பழக்கமான ஊர்.

அவருக்கும் எங்களுக்கும் ஒரு முறை மனக்கசப்பு உண்டாயிற்று. விலை பேசி முடித்து லோடு ஏறிய பிறகு மார்க்கெட் இறங்கிவிட்டது. நாங்கள் பேசிய விலையைக் குறைத்துச் சீட்டு அனுப்பினோம். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அடுத்த வெட்டுக் காய் வேறு மண்டிக்குப் போயிற்று. ஒரு வருடம் கழித்துத்தான் தவறு எங்களுடையது என்று மனம் ஒப்பியது. குறைத்த தொகையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போய்க் கொடுத்துவிட்டு வந்தோம். அதன் பிறகு அவர் தோப்பை மகனிடம் ஒப்படைக்கும் வரை காய் எங்களுக்கே வந்தது.

ஒப்படைத்த அன்று, தாம் பல வருடம் கையாண்ட அரிவாளைக் கொண்டுவந்து தரையில் வைத்தார். "அண்ணாச்சி, இனி நான் தோப்புக்குப் போக முடியாது. இது உங்ககிட்ட இருக்கட்டும்" என்றார். நாங்கள் வெற்றிலையில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துக் கொடுத்தோம். "கணக்கு தீர்ந்தது" என்று சிரித்தபடி வாங்கிக்கொண்டார்.

தரையில் வைப்பதற்கும் காசு கொடுப்பதற்கும் காரணம் உண்டு. கூரிய இரும்பைக் கைக்குக் கை மாற்றினால் சண்டை வரும் என்பது நம்மவர் நம்பிக்கை. கை நழுவினால் காயம் படும் என்ற எச்சரிக்கையும் அதில் அடங்கியிருக்கிறது. காசு கொடுத்துவிட்டால் அது தானமாக வந்த பொருள் அல்ல, விலைக்கு வாங்கிய பொருள். ஆகவே தோஷம் இல்லை என்பது கணக்கு. இதே வழக்கம் இங்கிலாந்து முதலிய ஐரோப்பிய நாடுகளிலும் இருக்கிறது. பின்லாந்து நாட்டிலோ கத்தியைப் பரிசளிப்பது பெரிய மரியாதை. நம் நாட்டிலும் கருப்பசாமி கோயில்களில் அரிவாளைத்தானே நேர்த்திக்கடனாகச் செலுத்துகிறோம்? சாமிக்குக் கொடுக்கும் பொருள் நண்பனுக்கு ஆகாமல் போகுமா?

இதன் அருமை தெரிய வேண்டுமானால் பட்டறைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். சிவகங்கை மாவட்டம் திருப்பாச்சேத்தி அரிவாளுக்கு எங்கும் பெயர் உண்டு. பெரும்பாலும் லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அதில் நூற்றுக்கு அரைப் பங்கு அளவில் கரிச்சத்து இருப்பதால் வெறும் இரும்பைவிடக் கூர் நிற்கும். உலையில் செந்தணலாகக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து வளைத்து, வாய்ப்பகுதியைத் தட்டி மெல்லிதாக்குவார்கள். கடைசியாகத் தோய்ச்சல். பதமான சூட்டில் தோய்த்தெடுத்தால்தான் வாய் உறுதிப்படும். சூடு மிஞ்சினால் வாய் உதிரும், குறைந்தால் மழுங்கும். இந்தப் பதத்தைக் கொல்லர் கண்ணால் நிறம் பார்த்தே அறிகிறார். மிஷின் கத்தி மலிவாகக் கிடைப்பதால் இந்தத் தொழிலுக்குப் பிள்ளைகள் வருவது அருகி வருகிறது.

வியாபாரிகள் சட்டத்தையும் கவனிக்க வேண்டும். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே ஆன கருவிகளை 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஆயுதமாகக் கொள்வதில்லை. எனினும் 2021 செப்டம்பரில் தமிழகக் காவல்துறை மாநிலம் முழுவதும் தேடுதல் நடத்தி ஏராளமான கத்தி, அரிவாள்களைக் கைப்பற்றியது. வாங்குவோரின் பெயர், முகவரியைக் குறித்து வைக்கும்படி பட்டறைக்காரர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் அறிவுறுத்தியது. ஆகவே அரிவாள் விற்கும் அன்பர்கள் ஒரு நோட்டு வைத்து எழுதிக்கொள்வது நமக்கே பாதுகாப்பு. பரிசாகக் கொண்டு போகும்போது சாக்கில் சுற்றிக் கட்டி, பட்டறை ரசீதுடன் எடுத்துச் செல்லுங்கள். விமானத்தில் கைப்பையில் அனுமதி கிடையாது.

கொடுப்பவர்கள் அவரவர் தொழிலுக்கு ஏற்றதைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். இளநீர் வெட்டுபவருக்கு அரிவாள், மளிகைக் கடைக்காரருக்குச் சாக்குச் சணல் அறுக்கவும் வெல்லம் உடைக்கவும் சிறு கத்தி. வாங்குபவர்கள் ஈரத்தோடு வைக்கலாகாது. புளியும் உப்பும் பட்டால் உடனே துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது.

அந்த அரிவாளை நாங்கள் வருடம் ஒரு முறை ஆயுத பூஜைக்குத் தீட்டிப் பொட்டு வைக்கிறோம். அப்போதெல்லாம் அன்று நாங்கள் குறைத்து அனுப்பிய சீட்டுதான் நினைவுக்கு வருகிறது. எங்கள் சிநேகத்தை அறுக்கப் பார்த்தது அந்தச் சீட்டுதான், அரிவாள் அல்ல. பேசிய விலையைக் காப்பாற்றும் வியாபாரி, அரிவாளை அச்சமின்றிக் கொடுக்கலாம், வாங்கலாம்.