விலை எழுதாத பில்லை ஜாவா எப்படிப் படிக்கும்?

கோவில்பட்டி வட்டாரத் தீப்பெட்டி உற்பத்தியாளர்கள் ஒரு ரூபாய்ப் பெட்டியை 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாய் ஆக்கினார்கள். 14 ஆண்டுகளாக ஏறாத விலை அது. இப்படி வைத்துக்கொள்வோம்: ஒரு மொத்த வியாபாரியின் பழைய பில்களில் சில்லறை விலையே கிடையாது. ஒரு ரூபாய் என்பது ஊருக்கே தெரியும், எதற்கு எழுதுவானேன்! அந்த பில்கள் எக்ஸ்எம்எல் கோப்புகளாக ஜாவா நிரலுக்கு வந்தால் என்ன ஆகும்?

எக்ஸ்எம்எல்லில் <குச்சி>50</குச்சி> என்று தமிழிலேயே எழுதலாம். இதைப் படித்து ஆப்ஜெக்டாக மாற்றித் தருவது ஜாக்ஸ்பி என்ற ஜாவா நூலகம். 2006இல் ஜாவா 6உடன் சேர்ந்தே வந்தது. 2018இல் ஜாவா 11இலிருந்து கழற்றிவிட்டார்கள். இப்போது நாம்தான் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆலையில் காலிப் பெட்டி முதலில், குச்சி அடைப்பது பிறகு. ஜாக்ஸ்பிக்கும் அதே வரிசைதான். காலி ஆப்ஜெக்டை உண்டாக்க, எந்த மதிப்பும் கேட்காத கன்ஸ்ட்ரக்டரைத் தேடும். இல்லையென்றால் பிழை காட்டி நின்றுவிடும். கன்ஸ்ட்ரக்டர் வேண்டாம் என்றால், ‘எக்ஸ்எம்எல்டைப்’ குறிப்பில், ஆப்ஜெக்டை உண்டாக்கித் தரும் ஃபேக்டரி மெத்தட் ஒன்றின் பெயரைக் கொடுக்கலாம். அது ஸ்டாட்டிக்காக இருக்க வேண்டும். அதற்குள் விலையை 2 என்று வைத்துக் கொடுத்தால், கோப்பில் விலை இருக்கும்போது அது மேலே எழுதப்படும். இல்லாதபோது 2 அப்படியே நிற்கும்.

சௌகரியம்தான். ஆனால் 2019ஆம் ஆண்டு பில்லுக்கும் இரண்டு ரூபாய் விழுந்துவிடுமே! தேதியைப் பார்த்து முடிவெடுக்கச் சொல்லலாம் என்றால், ஃபேக்டரி மெத்தட்டுக்கும் எதையும் அனுப்ப வழியில்லை. அது ஓடும் நேரத்தில் பில்லின் தேதி ஆப்ஜெக்டுக்குள் வந்திருக்காது. பலர் இடறுவது இங்கேதான்: ஃபேக்டரி என்ற பெயரைப் பார்த்து, தரவைப் பார்த்துப் பொருள் செய்யும் இடம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

அதனால் ஃபேக்டரி மெத்தட்டில் விலையைத் தொடாமல் விடுவதே நல்லது. விலையை ‘இன்ட்’ என்று அறிவித்தால் வராத விலை பூச்சியமாகத் தெரியும். ‘இன்டிஜர்’ என்றால் ‘நல்’ ஆக, அதாவது வெறுமையாக, இருக்கும். எல்லாம் நிரம்பிய பிறகு, நாம் ‘ஆஃப்டர்அன்மார்ஷல்’ என்ற பெயரில் எழுதிவைத்த மெத்தட்டை ஜாக்ஸ்பி கூப்பிடும். தேதியைப் பார்த்து 1 அல்லது 2 போட அதுவே சரியான இடம். பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் கம்பைலர் முணுமுணுக்காது. மெத்தட் ஓடாது, பழைய பில்களில் விலை வெறுமையாகவே கிடக்கும்.