ஹெப்படைட்டிஸ் சி: மாத்திரை எளிது, மறைப்பதுதான் ஆபத்து

ரத்த தானம் செய்யப் போன இடத்திலோ, வேலைக்கான மருத்துவப் பரிசோதனையிலோ ஒரு நாள் திடீரென்று தெரிய வருகிறது: உங்கள் ரத்தத்தில் ஹெப்படைட்டிஸ் சி கிருமி! வலி இல்லை, காய்ச்சல் இல்லை, கண்ணில் மஞ்சள் இல்லை. எப்போது தொற்றியது என்றும் தெரியாது. 20, 30 ஆண்டுகள் சத்தமில்லாமல் கல்லீரலைச் சிதைக்கும் நோய் இது. கவனிக்காமல் விட்டால், சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்கத்திலோ கல்லீரல் புற்றுநோயிலோ போய் முடியலாம்.

பயப்பட வேண்டாம். முன்பு இதற்கு இண்டர்ஃபெரோன் ஊசிதான் மருந்து. பலருக்கு 48 வாரங்கள் வரை போட வேண்டியிருந்தது. காய்ச்சலும் மனச்சோர்வும் வாட்டின. அப்படியும் எல்லாருக்கும் குணமாகவில்லை. இன்று நிலைமை வேறு. தினமும் மாத்திரை, பெரும்பாலோருக்கு 12 வாரங்கள்தான். நூற்றில் 95 பேருக்கு மேல் கிருமி அடியோடு ஒழிகிறது.

எப்படி ஒழிகிறது?

இக்கிருமி கல்லீரல் செல்லுக்குள் புகுந்து தன்னைப் போலவே படிகள் எடுத்துப் பெருகும். சொஃபொஸ்புவிர் என்ற மருந்து, அந்தப் படிக்குத் தேவையான ஒரு மூலப்பொருளைப் போல வேடமிட்டு உள்ளே நுழைகிறது. அதைச் சேர்த்துக்கொண்ட படி பாதியிலேயே அறுந்துபோகும். உடன் கொடுக்கப்படும் டக்லடாஸ்விர், கிருமிக்கு வேண்டிய இன்னொரு புரதத்தை முடக்குகிறது. ஒரு மருந்துக்குத் தப்பும் கிருமி மற்றதில் சிக்கும். அதனால்தான் இரண்டு மருந்துகள். ஒன்றை மட்டும் சாப்பிடுவதோ பாதியில் நிறுத்துவதோ கிருமிக்குத் தப்பிக்க வழிவிடுவதாகும்.

இம்மருந்து அமெரிக்காவில் 2013 இறுதியில் வந்தபோது 12 வாரத்துக்கு 84,000 டாலர் விலை. ஒரு மாத்திரை 1,000 டாலர்! மலேசிய அரசாங்கம் 2017-இல் காப்புரிமைச் சட்டத்தில் உள்ள உரிமையைப் பயன்படுத்தி, மலிவு விலை மாற்று மருந்தைத் தருவிக்க வழி செய்தது. 2018 முதல் அரசாங்க மருத்துவமனைகளில் இச்சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது. மலேசியாவிலும் தாய்லாந்திலும் 301 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, 97 விழுக்காட்டினரைக் குணப்படுத்திய ரவிடாஸ்விர் மருந்தும் 2021-இல் இங்கே பதிவு செய்யப்பட்டது.

மருந்து இருக்கிறது, விலையும் தடையில்லை. அப்படியானால் கவனம் எதில் தேவை? உங்கள் உடலில் ஏற்கெனவே உள்ள நோய்களிலும், நீங்கள் ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளிலும்தான்.

தூங்கும் 'பி' கிருமி

சிகிச்சைக்கு முன் ஹெப்படைட்டிஸ் பி பரிசோதனை கட்டாயம். இரண்டு கிருமிகளும் ஒரே உடலில் இருந்தால், 'சி' கிருமி 'பி' கிருமியை அடக்கி வைத்திருக்கும். மருந்து 'சி'யை விரட்டியதும், 'பி' விழித்துக்கொண்டு கல்லீரலைத் தாக்கலாம். இவ்வாறு 24 பேர் பாதிக்கப்பட்டதையும், அவர்களில் இருவர் இறந்ததையும் கண்ட அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல் கடும் எச்சரிக்கை விடுத்தது. மலேசியாவில் குழந்தைகளுக்கு ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போடத் தொடங்கியது 1989-இல்தான். அதற்கு முன் பிறந்தவர் என்றால் இந்தப் பரிசோதனை உங்களுக்கு இன்னும் முக்கியம். 'பி' இருப்பது முன்கூட்டியே தெரிந்தால், அதை அடக்கவும் மருந்து உண்டு.

எந்த மருந்துகளைச் சொல்ல வேண்டும்?

இதயத் துடிப்புச் சீரின்மைக்கு அமியோடரோன் சாப்பிடுகிறீர்களா? சொஃபொஸ்புவிருடன் சேர்ந்தால் இதயத் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். சிலருக்கு பேஸ்மேக்கர் பொருத்த வேண்டி வந்தது, உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. அமியோடரோன் உடலில் பல மாதங்கள் தங்கும். எனவே, அண்மையில் நிறுத்தியிருந்தாலும் சொல்லுங்கள்.

காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமாஸெபின், ஃபெனிடோயின் ஆகியவை வேறு விதமாகக் கெடுக்கும். இவை கிருமிக் கொல்லி மருந்தின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். நீங்கள் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டும் கிருமி பிழைத்துக்கொள்ளும்.

வெல்படாஸ்விர் கலந்த மாத்திரை கொடுக்கப்பட்டால், அது கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். நெஞ்செரிச்சலுக்குக் கடையில் வாங்கிப் போடும் ஒமெப்ரஸோல் அதைத் தடுக்கும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகள் சில, ரத்தத்தில் அளவு கூடித் தசை வலியைத் தரலாம்.

இனிப்பு நீர் உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிருமி குறையக் குறைய, ரத்தத்தில் சர்க்கரையும் குறையலாம். பழைய அளவிலேயே இன்சுலின் போட்டால் மயக்கம் வரக்கூடும். முதல் சில மாதங்கள் சர்க்கரையை அடிக்கடி சோதியுங்கள்.

கீழாநெல்லி காமாலைக்கு நல்லது என்று பாட்டி காலத்திலிருந்து கேட்டு வந்திருக்கிறோம். ஆனால், அது ஹெப்படைட்டிஸ் சி கிருமியை ஒழிக்கும் என்பதற்குச் சான்று இல்லை. நாட்டு மருந்து, ஜாமு, சத்து மாத்திரை என எதைச் சாப்பிட்டாலும் மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். வீட்டில் உள்ள எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று மேசையில் வைத்துவிடுவது இன்னும் எளிது. கர்ப்பமாக இருந்தாலோ கர்ப்பத்துக்குத் திட்டமிட்டிருந்தாலோ அதையும் சொல்லுங்கள். சிலருக்குச் சேர்த்துக் கொடுக்கப்படும் ரிபாவிரின், கருவில் உள்ள குழந்தையைப் பாதிக்கும். கணவர் சாப்பிட்டாலும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

மாத்திரை முடிந்த பிறகு

தலைவலி, சோர்வு, குமட்டல் வரலாம்; பெரும்பாலும் தாங்கக்கூடியவையே. அதற்காக நிறுத்த வேண்டாம். ஒரு வேளை மறந்துவிட்டால், மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள், மருந்தகரைக் கேளுங்கள்.

கடைசி மாத்திரை சாப்பிட்ட 12 வாரங்களுக்குப் பிறகு மீண்டும் ரத்தப் பரிசோதனை நடக்கும். அப்போது கிருமி இல்லையென்றால் குணமாகிவிட்டது என்று பொருள். பலர் இந்தக் கடைசிப் பரிசோதனைக்குப் போகாமல் விட்டுவிடுகிறார்கள். போய்விடுங்கள்.

குணமான பிறகும் விரைவுப் பரிசோதனையில் 'உண்டு' என்றே காட்டலாம். அது கிருமி வந்துபோன தடயம்; கிருமி அல்ல. ஆனால், அந்தத் தடயம் உங்களைக் காக்காது. ஊசியைப் பகிர்ந்துகொண்டாலோ, சுத்தமில்லாத கருவியால் பச்சை குத்திக்கொண்டாலோ மீண்டும் தொற்றும். இதற்குத் தடுப்பூசியும் இல்லை.

கல்லீரல் ஏற்கெனவே சுருங்கியிருந்தால், கிருமி ஒழிந்தாலும் புற்றுநோய் அபாயம் முழுமையாக நீங்குவதில்லை. 6 மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ரத்தப் பரிசோதனை வசதி பரவலாகாத காலத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்டவரா நீங்கள்? டயாலிசிஸ் செய்பவரா? எப்போதாவது ஊசியைப் பகிர்ந்துகொண்டதுண்டா? பக்கத்தில் உள்ள கிளினிக் கெசிஹாத்தானில் ஒரு முறை கேட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள். இருக்கிறது என்று தெரிந்தால் 12 வார வேலை; தெரியாமலே இருந்துவிட்டால், அந்த விலையைக் கல்லீரல்தான் கொடுக்கும்.