உழவு இயந்திரத்தின் கிளச்சு: கோளாறுகளை அறியும் முறை

சேற்றுழவு நடைபெறும் நாட்களில் உழவு இயந்திரம் பழுதுற்று நிற்குமாயின், கமக்காரருக்கு ஏற்படும் நட்டம் திருத்தக் கூலியோடு முடிவதில்லை. வாய்க்கால் நீரின் முறை கடந்துபோகும். மேடையில் நாற்று முற்றிவிடும். இவ்வாறு வேலையைத் தடைசெய்யும் பழுதுகளுள் கிளச்சுக் கோளாறும் ஒன்று. அது பெரும்பாலும் முன்னறிகுறி காட்டியே வரும்.

தொழிற்படும் முறை

எஞ்சினின் கனத்த சில்லுக்கும் அழுத்துத் தட்டுக்கும் இடையில் கிளச்சுத் தட்டு விற்சுருள்களின் விசையால் இறுக்கமாகப் பிடிக்கப்பட்டிருக்கும். மிதியை அழுத்தும்போது ஒரு பெயரிங் நெம்புகோல்களைத் தள்ளும், பிடி தளரும், எஞ்சினின் சுழற்சி கியர்ப்பெட்டிக்குச் செல்லாது.

முதலிற் பார்க்க வேண்டியது

மிதியைக் கையால் அழுத்தினால், பாரம் தோன்றுமுன் அது சிறிது தூரம் இலகுவாக அசைதல் வேண்டும். பல இயந்திரங்களில் இவ்வசைவு ஏறக்குறைய 20 முதல் 30 மில்லிமீற்றர் வரையாகும். எனினும், தத்தம் இயந்திரத்தின் கைந்நூலிற் கூறப்பட்ட அளவே சரியானது. தட்டின் லைனிங் தேயத்தேய இவ்வசைவு குறைந்து செல்லும்.

நான்கு அறிகுறிகள்

1. வழுக்குதல்: எஞ்சினின் வேகம் கூடியும் இயந்திரம் முன்னேறாது, கருகிய மணம் வீசும். மிதியில் இலகு அசைவின்மை, லைனிங் தேய்வு, எண்ணெய் படிதல் என்பன காரணங்களாம். சமதரையில், முன்னால் ஒருவரும் நில்லாதபோது, கைப்பிரேக்கை இறுக்கி, உயர்ந்த கியரில் மிதியை மெல்ல விடுக. எஞ்சின் நின்றுவிட வேண்டும். நில்லாது ஓடினால் தட்டு வழுக்குகின்றது. இச்சோதனையை ஒருமுறைக்கு மேற் செய்யலாகாது.

2. முற்றாக விடுபடாமை: மிதியை முழுவதும் அழுத்தியும் கியர் உரசி ஒலிக்கும், இயந்திரம் மெல்ல ஊர்ந்து செல்லும். மிதியின் அசைவு மிகுந்திருத்தல், அல்லது நெடுநாள் நின்றமையால் தட்டு துருப்பிடித்து ஒட்டியிருத்தல் காரணமாகலாம்.

3. நடுக்கம்: புறப்படும்போது இயந்திரம் உதறும். லைனிங்கில் எண்ணெய் படிந்திருத்தல் அல்லது நெம்புகோல்கள் சமமின்றி இருத்தல் இதற்குக் காரணம்.

4. ஒலி: மிதியை அழுத்தும்போது மட்டும் கேட்கும் ஒலி, நெம்புகோல்களைத் தள்ளும் பெயரிங் தேய்ந்ததைக் காட்டும். அழுத்தியவுடன் மறையும் ஒலி பெரும்பாலும் கியர்ப்பெட்டியிலிருந்து வருவதாகும்.

எண்ணெய்க் கசிவு

பல இயந்திரங்களில் கிளச்சுக் கூட்டின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. சேறு அதனை அடைக்காவண்ணம் துப்புரவு செய்க. அதன் வழியே எண்ணெய் சொட்டினால் உள்ளே சீல் பழுதடைந்துள்ளது என அறியலாம். சீலை மாற்றாது தட்டை மட்டும் மாற்றினால், புதிய தட்டும் விரைவில் பழுதாகும்.

காக்கும் வழி

உழும்போது மிதியின்மேற் காலை வைத்திருத்தல் கூடாது. சிறு பாரமும் பெயரிங்கைத் தேய்த்துத் தட்டை வழுக்கச் செய்யும். பாரமிழுக்கும்போது கிளச்சை அரைகுறையாக விட்டு ஓட்டுதலும் தவறு. போகம் முடிந்து இயந்திரத்தை நெடுநாள் நிறுத்தும்போது, மிதியை அழுத்திய நிலையில் மரத்துண்டால் தாங்கி வைத்தால் தட்டு ஒட்டாது.

மிதியின் அசைவைச் சரிசெய்தலைக் கமக்காரர் தாமே செய்யலாம். அதன் பின்னரும் வழுக்குதல் நீங்காவிடின், இயந்திரத்தை வேலையிலிருந்து நிறுத்தித் தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டுதல் வேண்டும். வழுக்கும் தட்டோடு தொடர்ந்து உழுதால் அதன் சூடு கனத்த சில்லையும் கெடுத்து, செலவைப் பெருக்கும். ஆதலால் காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் நீர் திறக்கப்படுமுன்னரே இச்சோதனைகளை முடித்துக்கொள்வது நன்று.