அதியமான் பெயரில் மறைந்த சகரம்

தர்மபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் அதியமான்கோட்டை இருக்கிறது. அந்த ஊர்ப்பெயரில் வாழும் அதியமானுக்கும், எபிரேய மொழியில் இந்தியாவுக்கு வழங்கும் பெயருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் முதலில் இருந்த சகரம் காணாமல் போயிருக்கிறது.

எபிரேயர் நம் நாட்டை 'ஹோது' என்பர். எபிரேய வேதத்தின் எஸ்தர் நூல், ஹோது முதல் கூஷ் வரை 127 மாகாணங்களை ஆண்ட பாரசீக மன்னரைச் சொல்லித் தொடங்குகிறது. பெயரின் வேர் சிந்து நதி. பாரசீகர் வாயில் ஸகரம் ஹகரமாகும். ஆகவே தாரியஸ் மன்னரின் கல்வெட்டுகளில் சிந்து 'ஹிந்துஷ்' ஆனது. எபிரேயத்தில் நகர மெய்யும் கரைந்து 'ஹோது' பிறந்தது. கிரேக்கத்தில் ஹகரமும் உதிர்ந்து 'இந்தோஸ்' ஆயிற்று. இந்தியா என்ற பெயர் அதன் வழியே வந்தது.

ஏன் இப்படி? 'ஸ்' என்று நீட்டிச் சொல்லிக்கொண்டே நாக்கின் நுனியைத் தாழ்த்திப் பாருங்கள்; சீறல் அடங்கி வெறும் மூச்சு மிஞ்சும். அதுதான் ஹகரம். மூச்சின் அழுத்தத்தையும் தளர்த்தினால் உயிரெழுத்து மட்டுமே நிற்கும்.

இனி தகடூருக்கு வருவோம். தர்மபுரியின் பழைய பெயர் அது, அதியமான்களின் தலைநகர். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகர் தம் இரண்டாம் பாறைக் கட்டளையில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு 'ஸதியபுதோ' என்று ஒருவரையும் குறிப்பிடுகிறார். அவர் யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டார்கள். அதியமானே என்றார் கே.ஜி. சேஷையர். சேரமானின் 'மான்' மகன் என்பதன் திரிபு. அதைத்தான் கேரளபுத்திரர் என்று பிராகிருதம் பெயர்த்தது. அப்படியே 'ஸதியபுதோ' என்பது சதிய மகன், அதாவது அதியமான். தமிழில் சொல்லின் முதலில் வரும் சகரம் மறைவது புதிதல்ல: சிறகு இறகானது, சிப்பிக்கு இப்பி என்றும் பெயர் உண்டு. நாம் 'ஆறு' என்னும் எண்ணைக் கோண்டி மொழியினர் இன்றும் சகரத்தோடுதான் சொல்கிறார்கள்.

1981இல் திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பை குன்றில் தமிழ் பிராமி எழுத்துகள் கிடைத்தன. ஸதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த குகைப்பள்ளி என்பது அவற்றின் செய்தி. ஒரே வரியில் இரண்டு பெயர்களும் அடுத்தடுத்து நின்றன. வாதம் ஏறக்குறைய முடிந்தது.

மூவேந்தரைப் போல நெடுநாள் ஆண்ட பேரரசு தகடூருக்கு இல்லை. ஆனாலும் மௌரியப் பேரரசர் அவர்களுக்கு இணையாகவே அதியரை எண்ணினார். அந்தப் பெருமையை நமக்குக் காட்டியது, மறைந்த ஒரு சகரத்தைத் தேடிய தேடல்.