வீட்டுக் காவலுக்குத் துப்பாக்கி: ஆயரிடம் வரும் ஒரு வினா

திருமுல்லைவாயிலில், ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வுபெற்ற சபையார் ஒருவர், வீட்டு ஜெபம் முடிந்து நாம் எழுந்த வேளையில் ஒரு வினா எழுப்பினார். பிள்ளைகள் வெளிநாட்டில், தாமும் மனைவியும் தனிமையில். வீட்டுக் காவலுக்குத் துப்பாக்கி வாங்கலாமா, வாங்கினால் எவ்வகை நல்லது என்பதே வினா. பீரங்கி வண்டிகள் செய்யுமிடத்தில் வாழ்நாளெல்லாம் உழைத்தவர், ஒரு கைத்துப்பாக்கியையும் தொட்டறியாதவர்! இறையியல் கல்லூரிகளில் இதற்கு விடை கற்பிக்கப்படுவதில்லை. ஆகவே இதனைச் சற்று ஆராய்வோம்.

அவருடைய அச்சத்தை அற்பமாக எண்ணலாகாது. 2005 ஜனவரி 9 அன்று, இதே திருவள்ளூர் மாவட்டத்தில், பெரியபாளையத்தை அடுத்த தானாகுளத்தில், சட்டமன்ற உறுப்பினர் சுதர்சனம் தம் இல்லத்திலேயே கொள்ளையரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்கூட்டத்தைக் காவல்துறையின் தனிப்படை வட இந்தியா வரை தேடிச் சென்று பிடித்தது. அந்த நினைவு இப்பகுதியில் இன்னும் மறையவில்லை.

இனிச் சட்டத்தைக் காண்போம். 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியரை நிராயுதராக்கி, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. விலக்குப் பெற்றோரில் நம் மிஷனெரிமாரும் அடங்குவர் என்பதை நாம் மறக்கலாகாது. அந்தப் பாகுபாடின்றி இயற்றப்பட்ட 1959ஆம் ஆண்டின் சட்டம் 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறையிலுள்ளது. இதன்படி உரிமமின்றி எவரும் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றமாகும். விண்ணப்பிப்போர் 21 வயது நிரம்பியவராயிருத்தல் வேண்டும். காவல் நிலையத்தின் அறிக்கை பெறப்படும்; 2016ஆம் ஆண்டின் விதிகளின்படி பயிற்சிச் சான்றும் வேண்டும். திருமுல்லைவாயிலைப் பொறுத்தமட்டில், 2022இல் தொடங்கிய ஆவடி மாநகரக் காவல் ஆணையரகமே அணுகவேண்டிய இடம். 2019ஆம் ஆண்டின் திருத்தம் உரிமக் காலத்தை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளாக நீட்டிற்று. ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளையோ மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது.

எவ்வகை என்னும் வினாவுக்குச் சட்டமே பாதி விடை கூறிவிடுகிறது. குழலின் உட்புறம் வழுவழுப்பாயும் நீளம் 20 அங்குலத்துக்குக் குறையாமலும் உள்ள துப்பாக்கியைப் பாதுகாப்புக்கெனக் குடிமகன் கேட்டால், 13ஆம் பிரிவு பெரும்பாலும் இணங்குகிறது. ரிவால்வரோ பிஸ்டலோ வேண்டுமெனில், தக்க காரணம் உண்டென்று அதிகாரியின் மனம் நிறைவுறல் வேண்டும். வங்கி வாயிற்காவலர் தோளில் நாம் காணும் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துப்பாக்கிகள் முதல் வகையின. முதன்முறை வாங்குவோர்க்கு இவற்றில் ஒரு நன்மை உண்டு: குழலை மடித்துத் திறந்தவுடன் தோட்டா உள்ளதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியும். நீண்டது, சட்டைப்பையில் மறைக்க இயலாது, குழந்தையின் கைக்கும் எளிதில் அடங்காது. ஆயினும் அதன் குண்டுகள் மெல்லிய கதவையும் தடுப்பையும் துளைத்து அப்பால் செல்லும். அடுக்குமாடிக் குடியிருப்பில் அப்பாலிருப்பவர் அயலார்.

உண்மையான இடர்ப்பாடு இனித்தான். துப்பாக்கியைத் தோட்டா அகற்றிப் பூட்டி, தோட்டாக்களை வேறிடத்தில் வைப்பதே பாதுகாப்பு. அவ்வாறு வைத்தால், நள்ளிரவில் கதவு உடைபடும்போது அது கைக்கு எட்டாது. தலையணையருகில் நிரப்பி வைத்தால், எட்டும். ஆனால் எல்லோருக்கும் எட்டும். இரவுப் பணி முடித்து அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலிருந்து திரும்பும் மகனையும் திருடனையும் இருளில் எவ்வாறு பிரித்தறிவது? இவ்வூர்க் கோயிலின் தலபுராணத்தில், யானையின் காலைச் சிக்கவைத்த முல்லைக்கொடியை வெட்டிய தொண்டைமானின் வாள், கொடிக்குள் மறைந்திருந்த லிங்கத்தின்மீது பட்டது என்பர். அவன் காணாததன்மீது வாள் பட்டது.

வீட்டினுள்ளிருக்கும் ஆபத்து இதனினும் பெரிது. கலிபோர்னியாவில் ஏறத்தாழ 2.6 கோடி மக்களைப் பற்றிய ஆய்வொன்று 2020இல் வெளியாயிற்று. கைத்துப்பாக்கி உடைய ஆடவர் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் விகிதம், அஃதில்லாத ஆடவரைவிட ஏறக்குறைய எட்டு மடங்கு. நம் நாட்டு நிலை வேறுதான். எனினும் தற்கொலை எண்ணம் பலரிடம் சிறுபொழுதே நின்று நீங்குவது என்பதையும், அப்பொழுதில் கைக்கெட்டுவது எதுவென்பதே உயிரைத் தீர்மானிக்கிறது என்பதையும், பூச்சிமருந்து குடித்தோர் வீடுகளுக்குச் சென்ற ஆயர் அறிவார். ஆகவே வினா எழுப்பியவரிடம், குடி உண்டா, கடன் உண்டா, உறக்கமின்மையும் நெடுநோயும் உண்டா என்று முதலில் கேட்டறிதல் நம் கடமை. மனைவியைத் தனியே கேட்டல் இன்னும் நன்று.

சுடுதல் எப்போது குற்றமாகாது? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 41ஆம் பிரிவு, சூரியன் மறைந்து மீண்டும் உதிப்பதற்குள் வீட்டை உடைத்து நுழைவோனுக்கு எதிராக, உயிர்போக்கும் அளவுக்கும் தற்காப்புரிமை உண்டென்கிறது. ஆனால் தேவைக்கு மிஞ்சிய தீங்கு கூடாதென 37ஆம் பிரிவு அதனை வரம்புக்குட்படுத்துகிறது. ஓடுகிறவனை முதுகில் சுட்டவர் இதில் புகலிடம் காண்பது அரிது. யாத்திராகமம் 22ஆம் அதிகாரமும் சூரியனையே எல்லையாக வைத்திருப்பது வியக்கத்தக்கது: இருளில் கன்னமிடும் திருடன் அடிபட்டு இறந்தால் இரத்தப்பழி இல்லை, விடிந்தபின் எனில் பழி உண்டு. திருடனின் உயிருக்கும் அங்கே கணக்கு இருக்கிறது.

நம் சபையார் இறுதியில் கதவுக்கு இரும்புச் சட்டமும் வாயிலுக்கு விளக்கும் அமைத்தார். எதிர்வீட்டாருடன் தொலைபேசி எண்ணைப் பரிமாறிக்கொண்டார். துப்பாக்கி எண்ணத்தை முற்றிலும் விட்டாரென்று கூற இயலாது.

ஏற்கெனவே உரிமம் பெற்றவர் சபையிலிருந்தால் ஆயர் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். அவர் மரித்தபின் அத்துப்பாக்கியை அலமாரியில் வைத்திருக்கக் குடும்பத்தாருக்கு உரிமையில்லை. தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். அடக்க ஆராதனைக்கு மறுவாரம் வீடு சந்திக்கச் செல்கையில், விதவையிடம் இதனை மெல்லக் கேட்கலாம்.