துகிலின் மடிப்பும் கணினியின் கணக்கும்

தைத்த ஆடைக்கு வடிவம் தருவது தையல். தைக்காத துகிலுக்கு வடிவம் தருவது அதன் மடிப்பு. மேல்துண்டு, தாவணி, துப்பட்டா, முக்காடு என நாம் வழங்குவனவெல்லாம் விரித்தால் வெறும் செவ்வகங்களே. உடுத்தினாலோ ஆளுக்கோர் அழகு. அம்மடிப்பைக் கணினித் திரையில் வருவிப்பது எங்ஙனம் என்பதை ஈண்டுக் காண்போம்.

பெரம்பலூர் மாவட்டத்தில் பருத்தி விளைகிறது. அரியலூர் மாவட்டத்து ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் கைத்தறி நெசவு நடைபெறுகிறது. அவ்வட்டார நெசவாளர் ஒருவரின் மகள், நம்மிடம் தமிழ் பயின்றவர், இன்று ஆடை வடிவமைப்புப் பயில்கிறார். விடுமுறையில் நாம் அவர் இல்லம் சென்றபோது, தந்தையார் நெய்த கழுத்துத் துகிலொன்றைக் கணினியில் அமைத்துக் காட்டினார்.

க்ளோ, மார்வலஸ் டிசைனர் போன்ற மென்பொருள்களில் செய்முறை எளிதே. 200 செ.மீ. நீளமும் 70 செ.மீ. அகலமும் உடைய செவ்வகத்தை முதலில் வரைய வேண்டும். அதனைத் திரையிலுள்ள மனித உருவின் பிடரிக்குப் பின்னே நிறுத்தி, பிடரியையொட்டிய சில புள்ளிகளைக் குண்டூசி குத்தினாற்போல் நிலைப்படுத்த வேண்டும். பின்னர் இயக்கினால், புவியீர்ப்புக்கு ஆட்பட்டுத் துணி சரியும். அப்போதே ஒரு முனையைச் சுட்டியால் பற்றி, கழுத்தைச் சுற்றித் தோளில் இடலாம். படிந்தபின் ஊசிகளை நீக்கிவிடலாம்.

திரையில் துணியாகத் தோன்றுவது முக்கோணங்களால் ஆன வலையே. அதன் புள்ளிதோறும் எடை, இழுவிசை, உராய்வு ஆகியவை இடைவிடாது கணக்கிடப்படுகின்றன. பருத்தி முக்காடு தலையில் தங்குவதும் வழுவழுப்பான செயற்கைத் துணி நழுவுவதும் இந்த உராய்வினால் அன்றோ? புள்ளிகளின் இடைவெளி 20 மி.மீ. ஆயின் மடிப்பு முரடாகும், 5 மி.மீ. ஆயின் நுண்மடிப்பும் தோன்றும். ஆனால் புள்ளிகள் ஏறத்தாழ 16 மடங்கு பெருகிக் கணினி திணறும். ஆதலின் முதலில் அகன்ற இடைவெளியில் அமைத்து, இறுதியில் குறுக்குவதே முறை.

மாணவி, மென்பொருளின் பட்டியலில் 'பருத்தி' என்பதைத் தேர்ந்தார். துகிலும் படிந்தது. அருகிலிருந்த தந்தையார் உற்று நோக்கி, "இது கஞ்சி போகாத துணி மாதிரியில்ல இருக்கு? நம்ம துணி இப்படி வெறச்சு நிக்காதும்மா" என்றார். கணினி அறியாத மனிதர் கண்டுபிடித்த குறை அது! பருத்தி என்பது பெயர், அளவன்று. நூலின் பருமன், பாவும் ஊடையும் நெருங்கும் நெருக்கம், ஏற்றிய கஞ்சி ஆகியவற்றால் பருத்தித் துணிகள் தம்முள் வேறுபடும்.

இவ்விறைப்பை அளக்க, இங்கிலாந்தில் பணியாற்றிய பியர்ஸ் என்னும் ஆய்வாளர் 1930இல் ஒரு வழி காட்டினார். துணிப்பட்டையொன்றை மேசை விளிம்புக்கு வெளியே மெல்லத் தள்ளினால், தன் எடையாலேயே அது வளைந்து தாழும். விளிம்பிலிருந்து அதன் நுனி 41.5 பாகைச் சரிவை எட்டும்போது, வெளியே நீண்ட பகுதியின் பாதி, அத்துணியின் வளைவு நீளம் எனப்படும். மென்மையான துணி சிறிது நீண்டதுமே தாழும். விறைத்த துணி நெடிது நீண்ட பின்னரே தாழும்.

அன்று மாலையே தந்தையும் மகளும் அளவுகோலும் பாகைமானியும் கொண்டு, பாவின் வழியும் ஊடையின் வழியும் தனித்தனியே அளந்தனர். துணியை எடையும் போட்டனர். அவ்வளவுகளை மென்பொருள் கேட்கும் முறைக்கு மாற்றி இட்டபின், திரைத் துகில் குழைந்து விழுந்தது. தந்தையார் தலையசைத்தார்.

மாணவச் செல்வங்களே! மாதிரி நெய்து அனுப்பும் செலவின்றி, தொலைவிலுள்ள வணிகருக்கும் நம் துணியைக் காட்ட இக்கலை உதவும். ஆயின் அளவு தவறினால், நம் தறியின் பெயரால் வேறொரு துணியையே காட்டியவராவோம். பாவு, ஊடை என்னும் சொற்களைப் பேணிவந்த நெசவாளரின் விரல்களிலேயே அவ்வளவுக்குரிய அறிவும் உள்ளது. அதனைக் கேட்டு எழுதி வைப்பது நம் கடமை. ஊர்ப் பெரியோரும் தறிவீட்டுப் பிள்ளைகளை இக்கல்விக்கு அனுப்பி ஊக்குவிப்பாராக!